கிறேஸ் அக்காவின் இத்தாலியப் பாண்

யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் எங்கள் அயல்வீட்டுக் கிறேஸ் அக்கா சுடும் கேக்குக்கு ஊரில் நல்ல பெயர். ஆனால் 1964ஆம் ஆண்டு நத்தாருக்கு அவர் சுட்ட பாணை வீட்டு நாய்கூட மோந்துவிட்டுப் போய்விட்டது.

முந்திய வருடம் அவருடைய கணவர் கிறிஸ்தோப்பர் ஒரு பனெத்தோனே கொண்டுவந்திருந்தார். இத்தாலியச் சரக்குக் கப்பலொன்றில் அவர் சமையற்காரர். இத்தாலியர் யேசு பிறந்த நத்தார் நாளுக்குச் சுடுகிற, தொப்பிபோல் உயர்ந்த இனிப்புப் பாண் அது. பஞ்சாய்ப் பிய்ந்தது. உள்ளே முந்திரிகை வற்றலும் தோடம்பழத் தோலும். மகள் இரஞ்சிதம் தாளில் ஒட்டியிருந்த தூளையும் விடவில்லை.

“அம்மா, ஒவ்வொரு நத்தாருக்கும் இது வேணும்.”

அடுத்த நத்தாருக்குக் கிறிஸ்தோப்பருக்கு லீவு இல்லை. செய்முறையைக் கடிதத்தில் எழுதினார். அக்கா ஈஸ்ட்டுக்குப் பதில் தென்னங்கள்ளு விட்டுப் பிசைந்து, பேக்கரிக்கார யாக்கோப்பு அண்ணையின் போறணையில் சுட்டார். போறணைக்குள் நன்றாக எழும்பிய பாண், வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் அமுங்கிக் கல்லாய்ப் போனது.

“இவ்வளவு முட்டையும் பட்டரும் போட்டால் நிக்காது, பிள்ளை,” என்றார் யாக்கோப்பு.

அக்கா கணவருக்கு எழுதினார். பதில் வந்தது: “ஒண்டை எழுத மறந்துபோனன். எடுத்த சூட்டோடை தலைகீழாய்த் தொங்கவிட வேணும். சூடு ஆறுமட்டும் தொடாதேயும்.”

மறுவருடம் பாணின் அடியில் இரண்டு சைக்கிள் கம்பிகளைக் குத்தி, இரண்டு கதிரைகளுக்கு நடுவே கவிழ்த்துத் தொங்கவிட்டார். பாண் நின்றது! அதிலிருந்து அந்த வீட்டில் பனெத்தோனே இல்லாத நத்தார் இல்லை. ஆனால் கிறிஸ்தோப்பருக்கு லீவு கிடைத்ததெல்லாம் வேறு மாதங்களில். மனைவி சுட்டதை அவர் ஒருமுறையும் ருசி பார்க்கவில்லை.

1973இல் கப்பல் வேலையை விட்டு, நத்தாருக்கு முன் வீட்டோடு வந்துவிடுவதாக எழுதினார். அந்த வருடம் பார்த்து வெளிநாட்டுச் சாமான் வரவு நின்றுபோனது. மாவுக்குக் கியூ. முந்திரிகை வற்றல் கடையில் இல்லவே இல்லை.

அக்கா அசரவில்லை. ஆவணி வெயிலில், எங்கள் கிணற்றடித் திராட்சைக் கொடியில் காய்த்த முந்திரிகையை வாங்கிக் காயப்போட்டார். காகத்துக்குப் பயந்து மேலே பழைய சீலை. கார்த்திகை முழுவதும் வீட்டில் கோதுமைக்குப் பதில் குரக்கன் மாப் புட்டு. கிடைத்த கோதுமை மாவெல்லாம் தகரப் பேணிக்குள் போனது.

நத்தாருக்கு முதல்நாள் காலை யாக்கோப்பு கையை விரித்தார். “மா இல்லாமல் மூண்டு நாளாய்ப் போறணை மூட்டேல்லை. உம்மட ஒரு பாணுக்கு மூட்டவோ?”

“ஓம் அண்ணை. விறகு நான் கொண்டாறன்.”

தாயும் மகளும் தலையில் விறகுக் கட்டோடு வந்து நின்றார்கள். யாக்கோப்பு சிரித்துக்கொண்டே நெருப்பு மூட்டினார்.

மறுநாள் பூசை முடிந்து வந்து, சொன்னபடி ஊர் திரும்பியிருந்த கிறிஸ்தோப்பர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். உள்ளேயிருந்த வற்றலொன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொரு துண்டு எடுத்தார்.

“என்ன, சரியில்லையோ?” என்றார் அக்கா.

“கப்பலிலை ஒரு நாளும் இப்பிடி வந்ததில்லை, கிறேஸ்.”

“பொய் சொல்லாதேங்கோ.”

“மாதா அறியச் சொல்லுறன்! உம்மட முந்திரிகையிலை ஒரு புளிப்பு இருக்கு. அதுதான் ருசி.”

அக்கா அழுதார், சிரித்தார், பிறகு எங்கள் எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார்.

மா தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியபின் ஊர்காவற்றுறையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் ஆட்கள் பாணுக்குச் சொல்லிவைத்தார்கள். 1980 நத்தாருக்கு யாக்கோப்புவின் போறணையில் நாற்பது பாண்கள் வெந்தன. இரஞ்சிதமும் அவளுடைய தம்பிமாரும் கம்பி குத்த, கிறிஸ்தோப்பர் வரிசையாகத் தொங்கவிட்டார். இத்தாலியப் பெயர் சனத்தின் வாயில் நுழையவில்லை. “கிறேஸ் பாண்” என்றே கேட்டு வாங்கினார்கள்.