உத்தேசத்தில் ஊறிய பயறு

ஆயுசில் பாதியைத் தொழிற்சாலை உணவகத்தின் அண்டாக்களோடு கழித்த அந்தச் சமையல்காரருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் ‘உத்தேசம்’. உப்பு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டால், “எல்லாம் ஒரு உத்தேசம்தான்” என்பார். தராசும் அளவுக் கரண்டியும் கை சரியில்லாதவர்களுக்கு என்பது அவர் கட்சி. அவர் சமையலில் உப்பு கூடிற்று என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் அவர் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். மனிதருக்குத் தலைக்கனம் உண்டு. அதற்கேற்ற கையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

மனைவி ஒரு நாள் குளியலறை வாசலில் சுருண்டு விழுந்தார். இடப்பக்கம் செயலிழந்துவிட்டது. மறுநாளே இவர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். மகனும் மருமகளும் அதே வீட்டில்தான் என்றாலும், மனைவியைத் தூக்கி உட்கார வைப்பதிலிருந்து தலை வாருவதுவரை இன்னொருவரைத் தொட விடவில்லை.

வீட்டின் பின்னால், மதிலுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு துண்டு மண் உண்டு. அது மனைவியின் ராஜ்ஜியம். வருடா வருடம் அங்கே தட்டைப்பயறு போடுவார். எந்தச் செடி முந்திக் காய்க்கிறதோ அதிலிருந்து மட்டும் விதை எடுத்து, எடுத்து, கடைசியில் வரிசை முழுவதும் ஒன்றாகக் காய்த்து ஒன்றாக முற்றுகிற ஒரு பயறைத் தானாகவே உண்டாக்கி வைத்திருந்தார். கடையில் அது கிடைக்காது. இருந்ததெல்லாம் அலமாரியில் ஒரு தகர டப்பாவில் இருந்ததுதான். அவர் படுத்த பிறகு அதை யாரும் விதைக்கவில்லை.

இப்போது மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைவரை வருகிறார். இன்னும் கொஞ்ச நாளில் கொல்லைப் படி இறங்கிவிடலாம் என்று பயிற்சி கொடுக்கிறவர் சொல்லியிருந்தார். அவர் இறங்கும்போது அவருடைய பயறு அங்கே நிற்க வேண்டும். உத்தேசத்துக்கு அந்த ஒரே ஆசைதான். ரகசியமாக ஒரு பிடி விதைத்துப் பார்த்தார். ஒன்றிரண்டு தலை நீட்டியதோடு சரி.

மருமகளுக்கு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளிடம் போய் நின்றார்.

“விதைக்கு வயசாயிடுச்சு மாமா. உயிர் இருக்கு, எழுந்திரிக்கத்தான் தெம்பு இல்ல. துத்தநாகம் கரைச்ச தண்ணில ஊறவெச்சுப் பாக்கலாம். சீக்கிரம் முளைக்கும், வேரும் நல்லா ஓடும்.”

“நாகமா? பாம்பு சமாசாரம்லாம் நமக்கு வேணாம்மா.”

“பேர்லதான் நாகம். பாக்கறதுக்கு உப்பு மாதிரி இருக்கும். ஆனா லிட்டருக்கு அரை கிராம்தான், மேல போகக்கூடாது. நாளைக்கு வாங்கிட்டு வர்றேன், எடை போட்டு நானே கலந்து தர்றேன்.”

சொன்னபடி பொட்டலம் வந்தது. ஆனால் அவளுக்கு அன்று இரவு வேலை. பொட்டலத்தை மேடைமேல் வைத்துவிட்டு, தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். உப்பு மாதிரி என்று அவள் சொன்னதுதான் வினையாகிவிட்டது. உப்பு விஷயத்தில் அவருக்குப் பொறுமை கிடையாது. ஒரு கிண்ணத்தில் விதை டப்பாவின் பாதியைக் கொட்டினார். மிச்சத்தை விட்டதற்குக் காரணம் முன்யோசனை அல்ல, கிண்ணம் சின்னது. தண்ணீரை ஊற்றினார், இவ்வளவு பயறுக்கு எவ்வளவு என்று கண்ணால் பார்த்தார், பொட்டலத்தில் கையை விட்டு அள்ளிப் போட்டார். சமையல்காரர் அல்லவா, ஒரு சொட்டு நாக்கில் வைத்தும் பார்த்தார். துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போலிருக்கவே, காறித் துப்பிவிட்டு, மருந்தென்றால் அப்படித்தான் என்று மூடி வைத்தார். வேகப்போகும் பயறை விடிய விடிய ஊறவைத்தே பழகியவர் முளைக்கப்போகும் பயறையும் விடிய விடிய ஊறவைத்தார். காலையில் ஈரத்தோடு கொண்டுபோய் விதைத்தார்.

பச்சை தெரியவே இல்லை. பொறுக்க முடியாமல் விரலால் மண்ணைக் கிளறினார். பயறு உப்பித் தோல் வெடித்திருந்தது. வேர் மூக்கை மட்டும் நீட்டி, நுனி பழுத்துக் கருகி, அப்படியே நின்றுவிட்டிருந்தது. அடுத்ததைக் கிளறினார். அதுவும் அப்படியே. இத்தனை வருடம் அவள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்ததில் பாதியைத் தன் கையாலேயே சாகடித்துவிட்டோமே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க பண்றீங்க அங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“களை எடுக்கறேன்.”

ஒன்றும் முளைக்காத இடத்தில் என்ன களை என்று மனைவி கேட்கவில்லை.

மருமகளிடம் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் டப்பாவை வாங்கி ஆட்டிப் பார்த்தாள்.

“அத்தைக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சரி, நான் சொல்ல மாட்டேன். மிச்சத்தையும் உடனே நனைச்சுட முடியாது மாமா. முதல்ல கொஞ்சத்துல பாப்போம்.”

சில விதைகளை ஊறவைக்காமல் ஒரு ஈரத்தாளில் சுருட்டினாள். சிலவற்றை வெறும் தண்ணீரில் ஊறவைத்து இன்னொன்றில் சுருட்டினாள். மூன்றாவதற்குச் சின்ன மின்தராசில் எடை போட்ட துத்தநாகத் தண்ணீர். அந்தத் தாள்களைத் திறந்து திறந்து பார்த்த மாமனாரை அவள் இரண்டு முறை அதட்ட வேண்டியிருந்தது. ஊறாதது தூங்கியது. தண்ணீரில் ஊறியது எழுந்துவிட்டது. துத்தநாகத்தில் ஊறியது அதற்கும் முந்தி, வேரும் ஒரு விரற்கடை கூடுதலாக விட்டிருந்தது.

“அப்ப பாம்பு ஜெயிச்சிடுச்சு” என்றார்.

“முக்கால்வாசி வேலை தண்ணியோடது மாமா. இது அதுக்கு மேல கொஞ்சம் கை கொடுக்குது, அவ்வளவுதான். அளவு மீறினா இதுவே வேரைச் சுட்டுடும்.”

இப்படி நியாயமாகப் பங்கு பிரித்துப் பேசுகிற பெண்ணை அவர் இத்தனை நாள் சரியாகக் கவனிக்கவே இல்லை. மிச்ச விதையை அவள் சொன்ன நேரத்தில் ஊறவைத்து, சொன்ன நேரத்தில் எடுத்து, நிழலில் துணி விரித்துக் காய வைத்தார். காக்கை வராமல் பக்கத்திலேயே காவல் இருந்தார். அத்தனையும் என்று சொல்ல முடியாது, ஆனால் வரிசை என்று சொல்லும்படி முளைத்தது. வீட்டு மனுஷியான மருமகளுக்கு நன்றி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதெல்லாம் மேடையில் சொல்கிற வார்த்தை. ஒரு வாரம் அவளுக்குப் பிடித்ததாகவே சமைத்துக் கட்டிக் கொடுத்தார். கடைசியில் தட்டை நீட்டும்போது, “நீ இந்த வீட்டுக்கு வந்தது எங்க அதிர்ஷ்டம்மா” என்று சொல்லியே விட்டார். “சாப்பாடு ஆறுது மாமா” என்று அவள் குனிந்துகொண்டாள். கண் கலங்கியிருந்ததை இவர் பார்த்துவிட்டார்.

மனைவி படி இறங்கிய அன்று, இலைகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. அவர் வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“பாதிதானே இருக்கு?”

இனி மூடி மறைக்க முடியாது. “மீதியை நான்தான் கொன்னுட்டேன். மருந்துத் தண்ணில ஊறவெச்சேன். அளக்காம கையால அள்ளிப் போட்டேன்” என்றார்.

மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார்.

“எனக்கு உப்புக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னாரே, அன்னியிலேர்ந்து என் சாப்பாட்டுக்கு எப்படிப் போடறீங்க?”

“எப்படின்னா?”

“சின்னக் கரண்டியில எடுத்து, மேல கூடினதைக் கத்தியால வழிச்சு விடறீங்க. மூணு வேளையும். படுத்திருந்தாலும் எனக்குக் காது கேக்குமே.”

அது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார்.

“எழுந்திரிக்கவே முடியாதுன்னு கிடந்தப்ப, அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழைச்சுக்கலாம்னு தோணும்” என்றார் மனைவி. “பயறு போனாப் போகுது.”