பதம் பார்த்த வாயும் பன்னிரண்டு கிலோவும்

மருத்துவமனை நடைபாதையில் இருந்த எடை இயந்திரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். எண்பத்து நான்கு. இறங்கி, கைப்பையை வீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டு மறுபடி ஏறினேன். அசையவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றப் போனேன். "ஏட்டி, பல்லையும் கழட்டி வச்சுப் பாரு" என்றார் அவர். டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டிச் சுத்தம் செய்வது) முடிந்து துவண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு வாய் மட்டும் ஓயவில்லை.

பசுவந்தனையில் எங்கள் கரிசல் நிலத்தில் உளுந்து விதைக்கிறவர். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று பரிசோதனையில் தெரிந்தது. இருபத்தாறு வருடமாக எதிலும் ஒத்துப்போகாத எங்களுக்கு ரத்தம் ஒத்துப்போயிருந்தது! ஆனால் டாக்டர் சம்மதிக்கவில்லை.

"ஒரு கிட்னியோட நீங்க காலத்துக்கும் ஓட்டணும்மா. இந்த எடை அதுக்குச் சுமை. பன்னிரண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க, ஆபரேஷன் வச்சுக்கலாம்."

இவ்வளவுதானே என்று நினைத்தேன். கோவில்பட்டிக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். காலையில் நாலு இட்லி இரண்டாயிற்று. தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) வேறு, கறியும் கிடையாது. மருத்துவமனை உணவு ஆலோசகர் சொன்னபடி எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். ஒரு மாதம் கழித்து ஏறினால் எண்பத்து ஐந்து! வந்த ஆத்திரத்துக்கு அந்த இயந்திரத்தைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். வீட்டுக்காரர் கேலி பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

ஆலோசகர் சின்னப் பெண். நோட்டைப் புரட்டிவிட்டு, "என்ன வேலை பாக்குதீங்க?" என்று கேட்டார்.

"கடலைமிட்டாய்க் கம்பெனியில பாகு பதம் பாக்குதேன்."

"எப்படிப் பாப்பீங்க?"

"கடிச்சுத்தான்."

"நோட்டுல அதைக் காணோமே?"

"அது சாப்பாடாம்மா? வேலைல்லா!"

சத்தியமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் கம்பெனியில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். ஒவ்வொரு சட்டிக்கும் பாகில் ஒரு துளி, கடலை கலந்த பின் ஒரு துணுக்கு, வெட்டும்போது ஓரத்தில் உதிர்ந்தது ஒன்று. நோன்பு நாளில்கூட அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு நாள் முழுக்க, வாய்க்குப் போக வேண்டியதை டப்பாவில் போடச் சொன்னார் ஆலோசகர். போட்டேன். சாயங்காலம் தராசில் வைத்தால் கால் கிலோவைத் தாண்டி நின்றது. கூட வேலை செய்கிற செல்வி எட்டிப் பார்த்து, "எக்கா, தினம் ஒரு பாக்கெட்டை முழுங்கியிருக்கியோ!" என்றாள். வெட்கமாகிவிட்டது.

"உங்க வயிறு கேக்கல, மூளை கேக்குது" என்றார் ஆலோசகர். "இனிப்பும் கடலைக் கொழுப்பும் சேந்து வந்தா, மூளை அதைப் பரிசா எடுத்துக்கிடும். அந்த வாசத்தையும் இடத்தையும் ஞாபகம் வச்சு மறுபடி மறுபடி கேக்கும்."

உண்மைதான். வெல்லம் கொதிக்கிற வாசம் வந்தால், வயிறு நிறைந்திருந்தாலும் என் கை தானாக நீளும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அந்த நினைப்பே வராது. இரவுச் சாப்பாட்டைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். பட்டினியோடு போனால் வாசம் இன்னும் இழுக்குமாம்.

வேலையை விட முடியாது. பதம் பார்க்கும் விதத்தை மாற்றினேன். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த வழிதான். கடிப்பதில் இருந்த சுகத்தில் நான் அதை விட்டிருந்தேன். முதல் வாரம் இரண்டு சட்டிப் பாகு முறுகிப்போனது. எச்சில் ஊறும்போதெல்லாம் ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டேன். கண்ணில் பட்டவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். செல்வி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

எடை குறைக்க வேண்டியவர்களுக்கு ஒன்று சொல்வேன். தட்டில் விழாமல் நேராக வாய்க்குப் போவதையும் எழுதுங்கள். குழம்பில் உப்புப் பார்த்ததையும், பிள்ளை மிச்சம் வைத்ததையும்கூட.

ஏழு மாதத்தில் எழுபத்து இரண்டுக்கு வந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது.

நோயாக இருந்த காலமெல்லாம் அவருக்குச் சாப்பாடு என்றாலே குமட்டல். வாயில் துருப்பிடித்த ஆணியை வைத்தது போலிருக்கிறது என்பார். மீன்குழம்பு கொதித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். வீடு திரும்பிய மூன்றாவது வாரம், நான் அடுப்படியில் நிற்கும்போது குரல் வந்தது.

"ஏட்டி, பசிக்குது. சோறு ஆச்சா?"

கரண்டியைப் பிடித்தபடி அழுதுவிட்டேன். ஆபரேஷனுக்குப் பின் அவருக்குக் கொடுக்கிற மாத்திரை பசியைக் கிளப்பும், எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதெல்லாம் ஞாபகம் இருந்தது. இருந்தாலும் அழுகை நிற்கவில்லை.

முன்பு எங்களுக்கு டயாலிசிஸ் நாள், மறுநாள் என்று இரண்டு நாட்களே இருந்தன. இப்போது ஒவ்வொரு நாளிலும் காலை, மதியம், இரவு இருக்கிறது. நாளெல்லாம் மென்றுகொண்டிருந்தபோது எனக்குப் பசி வந்ததே இல்லை. இப்போது ஒரு மணியானால் வயிறு சத்தம் போடுகிறது. எதிரே அவர் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் பசிக்கிறது, எனக்கும் பசிக்கிறது.