கீழே நீண்டு கிடக்கும் பக்கம்

கணக்கு வாத்தியார் ஹமீது சார் காலமான செய்தி பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் எழுதக் கை ஓடவில்லை. மயிலாடுதுறையிலிருந்து நாங்கள் சிலர் அவர் ஊரான நாகூர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

அவருடன் பணியாற்றிய உங்களுக்குத் தெரியும், ஒரு சொல்லின் பூர்வீகத்தைச் சொல்லாமல் அவர் கரும்பலகையில் கோடு இழுக்க மாட்டார். "ட்ரபீசியம்னா கிரேக்கத்துல சின்ன மேசை, டீச்சர்" என்று சாப்பாட்டு வேளையில் என் டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு மேசையிலேயே வரைந்து காட்டுவார். தமிழாசிரியைக்கு இதெல்லாம் எதற்கு என்று அலுத்துக்கொள்வேன். பசி வேறு.

அப்பா இறந்தபின் நிலத்தைப் பிரிப்பதில் எனக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுபோனது. எங்கள் வயல் ஒரு செங்கோண முக்கோணம். அதன் சாய்ந்த பக்கம் முழுக்க வாய்க்கால். கோணலாக இருப்பதை யார் அளப்பார்கள்? ஊர்க்காரர்கள் வழக்கம்போல நேரான வரப்புகளில் ஒன்றைப் பாதியாக்கி எதிர்மூலைக்குக் கயிறு பிடித்தார்கள். பரப்பு சரிபாதிதான், ஆனால் வாய்க்கால் மொத்தமும் தம்பி பக்கம் போய்விட்டது. நான் கோர்ட்டுக்குப் போகத் தயாரானேன்.

விஷயம் தெரிந்து சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வயலுக்கே வந்துவிட்டார். வாய்க்கால் கரையில் கயிற்றின் இரு முனைகளையும் எங்கள் இருவரிடமும் கொடுத்தார்.

"தம்பி, இந்தப் பக்கத்துக்கு இங்கிலீஷ்ல ஹைபோடினியூஸ்னு பேரு. கிரேக்கத்துல கீழ நீண்டு கிடக்கிறதுன்னு அர்த்தம். அந்தச் செங்கோண மூலைக்குக் கீழ எவ்வளவு நீளமா கிடக்கு பாருங்க. இதப் பாதியாக்கி அந்த மூலைக்கு வரப்பு போடுங்க. நிலமும் சமம், தண்ணியும் சமம்."

தம்பி கயிற்று முனையைக் கரையில் வைத்தான். பிறகு என்னைப் பார்த்து, "நீ கூடுதலா நெலம் கேக்குறன்னுல்ல நெனச்சேன்" என்றான். புது வரப்புக்கு முதல் மண்ணை அவனே வெட்டிப் போட்டான். நான் அழுதேன். சாருக்கு நன்றி சொன்னபோது, "கிரேக்கக்காரங்களுக்குச் சொல்லுங்க டீச்சர்" என்று சிரித்தார்.

இந்த வருடம் வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் தம்பி போன் செய்தான். "அக்கா, ஒன் மடையத்தான் மொதல்ல தொறந்தேன்."

சார் சொல்லிக்கொடுத்த சொற்களில் பாதி எனக்கு மறந்துவிட்டது. தம்பி இருக்கிறான். சார் எனக்கு விட்டுச்சென்றது அவனைத்தான்.