மெர்சிங் ஜெட்டியில் ஒரு ஃபினீசியர்

மெர்சிங் படகுத்துறையில், அந்த ஊர்ப் பேச்சில் ஜெட்டியில், தியோமான் தீவுக்குப் படகு டிக்கெட் விற்கிற பெர்னார்டுக்கு அறுபது வயது. நல்ல சிவப்பு. மைக்கை முழுங்கிய மாதிரி குரல். டிக்கெட் வாங்க வருகிறவர்களிடம் விலையைச் சொல்வதற்கு முன்னால் தன் வம்சத்தைச் சொல்லிவிடுவார்.

"நாங்க ஃபினீசியர் பரம்பரை. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி, இப்ப லெபனான் இருக்கு பாருங்க, அந்தக் கடற்கரையில இருந்த ஆளுங்க. அசல் கப்பல்காரனுங்க. சாலமோன் ராஜாவுக்காக ஈராம் ராஜா அனுப்பின கப்பல் மயில் வாங்கிட்டுப் போச்சு. அவங்க மயிலை என்னான்னு சொன்னாங்க? துக்கி. நம்ம பாஷையில? தோகை! அப்ப எங்க வந்து வாங்கியிருப்பான்? நம்மகிட்டதான். வந்த மாலுமியில ஒருத்தன் திரும்பிப் போகல. பொண்ணு அழகா இருந்திருக்கும், தங்கிட்டான். அவன் வழி வந்தவன் நான்."

ஆதாரம் கேட்டால் தன் முகத்தையே காட்டுவார். காலமான அவருடைய அம்மா ராசம்மா அவரைவிட வெளுப்பு. அவர்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அப்படி ஒரு நிறம் வேறு யாருக்கும் இல்லை. எங்கிருந்து வந்தது அந்த நிறம்? லெபனானிலிருந்துதான்.

"அப்ப கண்ணு ஏன்யா இத்தனூண்டு இருக்கு?" என்று பக்கத்துக் கவுண்டர் காளிதாஸ் ஒருநாள் கேட்டார்.

"தலைமுறை தலைமுறையா கடல் வெயில்ல கண்ணைச் சுருக்கிப் பார்த்தா அப்படித்தான் ஆகும்."

உண்மையில் அந்தக் குடும்பத்தில் யாரும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அப்பா லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். பெர்னார்டே ஒரே ஒரு முறைதான் தியோமானுக்குப் போயிருக்கிறார், டொரத்தியைக் கல்யாணம் செய்த புதிதில். போகும்போது வாந்தி, வரும்போதும் வாந்தி. "இந்த மாலுமியை நம்பி சாலமோன் ராஜா மயில் கேட்டிருந்தா, ஒரு இறகுகூடப் போய்ச் சேர்ந்திருக்காது" என்று டொரத்தி மாதாகோவில் வாசலிலேயே சொல்லிச் சிரிப்பார்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் லெபனான்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்ததில்தான் வினை ஆரம்பித்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்த பெர்னார்ட் கவுண்டரை விட்டு வெளியே ஓடிவந்து "பிரதர்!" என்று கட்டிக்கொண்டார். அந்த மனிதர் திகைத்து, முழுக் கதையையும் கேட்டு, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்க சீதோன் நகரத்துல பழங்காலக் கானானியர் எலும்புகள் கிடைச்சுது. உங்க ஃபினீசியருக்கு மூதாதைகள். அதுல டிஎன்ஏ எடுத்துப் பார்த்தாங்க. இன்னிக்கு லெபனான்ல இருக்கிறவங்க வம்சத்துல பத்துல ஒன்பது பங்குக்கு மேல அவங்ககிட்டருந்து வந்ததாம். நீங்களும் பாருங்களேன். எச்சில் துப்பி அனுப்பினாப் போதும்."

அன்றே பெர்னார்ட் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ஷர்மைனுக்குப் போன் போட்டார். எச்சில் பிடிக்கும் குழாய் தபாலில் வந்தது. துப்பினார். "துப்புறதையும் கொடியேத்துற மாதிரி துப்புறாரு" என்றார் டொரத்தி. முடிவு வந்ததும் ஜெட்டி முழுக்க ரொட்டி சானாய் தன் செலவு என்று அறிவிப்பும் செய்துவிட்டார்.

முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது வந்தது. ஷர்மைன் போனில் கூப்பிட்டாள்.

"டேடி, லெபனான் இல்ல. ஒரு சொட்டுகூட இல்ல."

"சரி. சிரியா?"

"இல்ல."

"எகிப்து இருக்கும் பாரு."

"டேடி, கேளுங்க. பாதி தென்னிந்தியா. பாதி தென்சீனா."

பெர்னார்ட் கரண்டியைக் கீழே வைத்தார். "அலமாக், எவனோ ஒரு சீனன் எச்சில மாத்தி வச்சுட்டானுங்க லா."

டொரத்தி தலையைத் தூக்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். பெர்னார்ட் அவர் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"இருபது வருஷம் உங்க அம்மாவோட ஒரே சமையலறையில இருந்திருக்கேன். எனக்கு ரெண்டு கண்ணும் தெரியுதே."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஃபினீசியர்னு சந்தோஷமா இருந்தீங்க. நான் ஏங்க கெடுக்கணும்?"

மறுநாளே லாயாங் லாயாங்குக்குக் காரை எடுத்தார். அம்மாவின் தம்பி அய்யாவு அங்கேதான் இருக்கிறார். மாமா டிவியில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"ஊருக்கே தெரியும் மாப்ள. உனக்குத் தெரியாதா?"

"யாரும் சொல்லலியே மாமா!"

"இதைப் போயி யாரு சொல்லிக்கிட்டு இருப்பா? ஜப்பான்காரன் காலம். ஆத்தோரத்துல காய்கறி போட்டுக்கிட்டிருந்த சீனன் ஒருத்தன், பொம்பளைப் பிள்ளைங்க நாலாயிடுச்சு, சோத்துக்கு வழியில்ல. எங்க ஆத்தாவுக்கு அப்ப பிள்ளை இல்ல. கைக்குழந்தையைத் தூக்கிட்டு வந்து ராசம்மான்னு பேரு வச்சாங்க. அப்புறந்தான் நான் பொறந்தேன். அக்கா வந்த ராசின்னு சொல்லுவாங்க."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? பெரிய பொண்ணானப்ப பெத்த அந்தச் சீனன் ஒரு தடவை பார்க்க வந்தான். அக்கா காப்பி கலக்கிக் குடுத்துச்சு. அவன் குடிச்சான். நேரமாச்சுன்னு அக்கா பால்மரம் வெட்டப் போயிருச்சு. அவ்வளவுதான்." மாமா டிவிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்புறம் உங்கப்பனைக் கட்டிக்கிட்டு ஞானஸ்நானம் வாங்கி வேதத்துல சேர்ந்துச்சு. அதுக்குத்தான் வீட்ல பெரிய சண்டை. சீனச்சின்னு ஒருத்தரும் ஒருநாளும் சண்டை போட்டதில்ல."

திரும்பி வந்த பெர்னார்ட் ஜெட்டியில் விலையை மட்டும் சொல்ல ஆரம்பித்தார். விஷயத்தைக் கேள்விப்பட்ட காளிதாஸ் முதல் இரண்டு நாள் "வாங்க தவ்கே, கோங் சீ ஃபா சாய்" என்று சீன முதலாளிக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்கிற மாதிரி கும்பிட்டுப் பார்த்தார். பெர்னார்ட் டிக்கெட் கட்டை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அவருக்கே தாங்கவில்லை. "யோவ், நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா எனக்கு இங்க உக்காரவே முடியல. ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது போ."

அந்த வாரக் கடைசியில் ஷர்மைன் வீட்டுக்கு வந்திருந்தாள். எதையோ படித்துவிட்டு வந்திருந்தாள். அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"டேடி, ஃபினீசியர் மேற்கே போயி ஊர் ஊரா குடியேறினாங்கல்ல? சிசிலி, ஸ்பெயின், கார்த்தேஜ். அந்த ஊர்க் கல்லறைங்கள்ல இருந்த எலும்பெல்லாம் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. லெபனான் பக்கத்து வம்சாவளி அதுல இல்லவே இல்லன்னு சொல்ற அளவுக்குக் கொஞ்சம்."

"அப்ப யாரு அவங்க?"

"சிசிலிக்காரன், கிரேக்கப் பக்கத்து ஆளு, வடஆப்பிரிக்காக்காரன். எல்லாரும் கலந்து கட்டி. ஆனா பேசினது ஃபினீசிய பாஷை. கும்பிட்டது ஃபினீசிய சாமி. புதைச்சதும் அந்த முறையில."

பெர்னார்ட் சுவரில் இருந்த அம்மா படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அப்ப எங்கம்மா மாதிரிதான்" என்றார். ஷர்மைன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டொரத்தி உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினார். கழுவ அங்கே பாத்திரம் எதுவும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஜெட்டி பழைய ஜெட்டி ஆனது. கதை மட்டும் இரட்டிப்பாகியிருந்தது. சாலமோனில் தொடங்கி, கார்த்தேஜில் கொஞ்சம் இறங்கி, ஆற்றோரக் காய்கறித் தோட்டம் வழியாக வந்து, ராசம்மா பால்மரம் வெட்டியதில் முடியும். "ரத்தத்துல ஃபினீசியா இல்லாத ஃபினீசியருங்கதான் உலகத்துல அதிகம், தெரிஞ்சுக்குங்க" என்பார். கதையை முழுசாகக் கேட்ட இரண்டு ஆஸ்திரேலியர்கள் படகைத் தவறவிட்டார்கள். ரொட்டி சானாயும் வாங்கிக் கொடுத்தார். தோற்றதற்கா ஜெயித்ததற்கா என்று யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. பெர்னார்டும் டொரத்தியும் அம்மா கல்லறைக்கு மெழுகுவத்தியும் மல்லிகைச் சரமும் எடுத்துக்கொண்டார்கள். வழியில் குளுவாங்கில் காரை நிறுத்தி, பெர்னார்ட் சீனக் கடையில் ஒரு பொட்டலம் வறுத்த பன்றிக்கறி வாங்கிவந்தார்.

"இது எதுக்குங்க?"

"சீனங்க கல்லறையில இதான் வைப்பாங்க."

"உங்க அம்மா பன்றிக்கறியைத் தொட்டதே இல்லையே."

பெர்னார்ட் கல்லறை முன்னால் பொட்டலத்தோடு நின்று யோசித்தார். பிறகு மெழுகுவத்தியை ஏற்றி, பூவை வைத்து, ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லிவிட்டு, இருவரும் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு கறியைச் சாப்பிட்டார்கள்.