பைய

மும்பை குர்லா நடைமேடை பெஞ்சில் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். நான் போகவேண்டிய தியான வகுப்பு மாட்டுங்காவில். ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். தாதரில் அவசரமாக ஃபாஸ்ட் வண்டியில் ஏறிவிட்டதால், மாட்டுங்கா ஜன்னலில் மட்டும் வந்து போனது.

ரத்த அழுத்தம் இறங்காவிட்டால் மாத்திரையைக் கூட்டுவேன் என்கிறார் டாக்டர். யோகாவில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மந்திரம் சொல்லும் ஆப்பில் நடுநடுவே குக்கர் விளம்பரம் வந்தது. மிச்சமிருப்பது தியானம்தான். நாளை ஊருக்குக் கிளம்புகிறேன், இன்றைக்கு விட்டால் வகுப்பு கிடையாது.

பக்கத்தில் இருப்பவர் தாராவியில் தோல் பட்டறை வைத்திருக்கும் காதர் பாய். கடையநல்லூர்க்காரர்.

"ஸ்லோ வண்டிதான் மாட்டுங்கால நிக்கும். தியானம் எதுக்குண்ணே?"

"அவசரப்படாம இருக்கக் கத்துக்கத்தான்."

"அதுக்கா ஃபாஸ்ட்டுல ஏறுனிய?"

"நீங்க எதாவது பண்றீங்களா, பாய்?"

"எனக்கு அஞ்சு வேளைத் தொழுகை இருக்கு. தேடி அலையுத வேல இல்ல."

ஸ்லோ வருகிறது. அவர் ஏறிவிடுகிறார். பின்னால் ஓடுகிறேன். வாசலில் நின்று கத்துகிறார்: "பைய வாங்கண்ணே, பைய!"

ஐயோ, பையை விட்டுவிட்டேனா? பெஞ்சுக்குத் திரும்பி ஓடுகிறேன். பெஞ்சு காலி. பை என் தோளில் தொங்குகிறது. வண்டி நகர்ந்துவிடுகிறது. அப்புறம்தான் உறைக்கிறது, அவருடைய திருநெல்வேலிப் பக்கம் 'மெதுவாக' என்பதற்குத்தான் 'பைய' என்பார்கள்.

மணி ஆறு. மாட்டுங்காவில் கதவைச் சாத்தியிருப்பார்கள். தொப்பென்று உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சு அடங்கும்வரை அந்த ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பைய, பைய.

இதுவரை விளம்பரம் எதுவும் வரவில்லை.