களியில் வைத்த குழி

சுடச்சுடத் தட்டில் விழும் கேழ்வரகுக் களி உருண்டையின் நடுவே என் அக்கா விரலை அழுத்தி ஒரு குழி வைப்பாள். அந்தக் குழியில்தான் கடலை எண்ணெய் விழும். கார்வேட்டிநகரத்துப் பக்கம் எங்கள் வீட்டில் களி தின்றது அப்படித்தான். விரலைத் தண்ணீரில் நனைத்து, சூடு உறைப்பதற்குள் அழுத்தி எடுத்துவிட வேண்டும். எண்ணெய் குறைவாக இருந்த நாட்களில் தன் களியில் சுண்டுவிரலால் குழி வைப்பாள். என்னுடையதில் கட்டைவிரலால் வைத்து, அதையும் ஒரு சுற்றுச் சுற்றி அகலமாக்குவாள். "வளர்ற புள்ள, நல்லா துன்னுடா" என்பாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அந்தக் கைதான்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸ் கழுவியவன், இன்று திருச்சானூரில் இரண்டு லாட்ஜுக்குச் சொந்தக்காரன். யாருடைய யோசனையும் கேட்டு நான் ஒரு செங்கல் வைத்ததில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். அந்தப் பெருமை சாப்பாட்டுத் தட்டில் வந்து உட்கார்ந்தபோது என்ன செய்தது என்பதையும் நான்தான் சொல்ல வேண்டும்.

கணவர் இறந்ததும் அக்காவை என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். ராணி மாதிரி வைத்திருக்கிறேன் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். இரண்டு வருஷம் முன்பு எனக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா ஒரு சாப்பாட்டுச் சீட்டைக் கொடுத்து ஏதேதோ சொன்னாள். எண்ணெய், கொழுப்பு என்பது மட்டும் காதில் விழுந்தது. மற்றதைக் கேட்கப் பொறுமை இல்லை. யாரையாவது படித்துக் காட்டச் சொல்ல மனசும் இல்லை. வீட்டுக்கு வந்த அன்றே எண்ணெய் டின்னைத் தூக்கி வாட்ச்மேனிடம் கொடுத்தேன். நெய், வேர்க்கடலை, தேங்காய் எல்லாம் போயின. எனக்கு மட்டுமில்லை, வீட்டுக்கே.

மருமகள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, கொறச்சலா போட்டுக்கலாம்னுதான் கீது. பெரியத்தைக்கு எதுக்கு நிறுத்தணும்?" என்றாள்.

"ரெண்டு லாட்ஜு கட்டினவனுக்கு ஒரு சீட்டு புரியாதா?" என்றேன்.

அவள் சீட்டை மடித்து அலமாரியில் வைத்தாள். மகனும் அவளும் வேலைக்குப் போகிற இடத்தில் தின்றுகொண்டார்கள். நான் இளைத்தேன், பார்த்தவர்கள் மெச்சினார்கள். வீட்டைவிட்டுப் போகாமல், போட்டதை மட்டும் தின்றது அக்கா ஒருத்திதான்.

அவள் சண்டை போடவில்லை. "எண்ணெ இல்லாத களி தொண்டையில எறங்க மாட்டேங்குதுடா" என்று ஒரு தரம் சொன்னாள். பாதி உருண்டையை ஒதுக்கிவிடுவாள். ஆனாலும் தினமும் விரலை நனைத்துக் குழி வைப்பாள். அந்த வெறும் குழியைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும், குத்திக் காட்டுகிறாள் என்று. அவள் ரவிக்கை தோளில் தொளதொளத்தது. வயசாகிறது என்று நினைத்தேன். ஒருநாள் அவள் எழுந்தபோது மடியிலிருந்து வறுத்த வேர்க்கடலை சிதறியது. எதிர்க்கடையில் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"திருட்டுத்தனமா துன்னுக்கினு கீறியா? நெஞ்சு அடைச்சிக்கினு சாவப் போறே!" என்று கத்தினேன்.

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கையில் வைத்தாள். "உனக்குப் பயமாக்கீதுடா. எனக்குப் பசிக்குது, அவ்ளோதான்" என்றாள்.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாளில் நடை போயிற்று. ஆஸ்பத்திரியில் எடை பார்த்த டாக்டரம்மா, என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். வீட்டில் சொட்டு எண்ணெய் கிடையாது என்று அப்போதும் நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.

"சீட்டு உங்களுக்குத்தானே குடுத்தாங்க? உங்களையே மொத்தமா நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டாங்க. இவங்க சாப்பிடறதே ஒரு கை சாப்பாடு. அதுல எண்ணெயும் கடலையும் போயிட்டா தெம்பு எங்கேர்ந்து வரும் பெரியவரே? காய்கறியில இருக்கற சில சத்து உடம்புல ஒட்டறதுக்கே கொஞ்சம் கொழுப்பு வேணும்" என்றாள்.

அன்றுதான் மருமகளிடம் சீட்டை முழுதாகப் படிக்கச் சொன்னேன். பொரித்ததும் வனஸ்பதியும் வேண்டாம் என்றிருந்தது. சமையலுக்கு அளவாகக் கடலை எண்ணெய் போடலாம் என்றிருந்தது. உப்பில்லாத வேர்க்கடலை ஒரு கைப்பிடி தின்னலாம் என்றும் இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஹாட்பாக்ஸில் களியும் ஒரு சீசாவில் எண்ணெயும் கொண்டு போனேன். அக்காவுக்கு விரல் அழுத்தத் தெம்பில்லை. நானே குழி வைத்தேன். தண்ணீரில் நனைக்க மறந்துவிட்டேன், கை சுட்டு உதறினேன். அவள் சிரித்தாள். "தோ பாரு, ரெண்டு லாட்ஜு கட்டினவனுக்குக் குழி வைக்கத் தெரியல." இரண்டு வாய் தின்றாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

எண்ணெயை நிறுத்தியதால்தான் போனாள் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதுவரை யாரையும் எதுவும் கேட்காதவன், இதைக் கேட்கப் பயந்துதான் கேட்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் எண்ணெய் இருக்கிறது. களி தட்டில் விழுந்ததும் மருமகள் சின்னக் கரண்டியில் அளவாக எடுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். நான் விரலை நனைத்துக்கொள்கிறேன். கட்டைவிரலை வைக்க மனம் வருவதில்லை. சுண்டுவிரலால்தான் குழி வைக்கிறேன்.