சூடு ஆறும்வரை காத்திருந்த ஞானசேகரன்

ஞானசேகரன் ஆசிரியரின் கருமாதி நாளன்று காலை, உறவினர்கள் கூடி ஆராய்ந்து, வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தார்கள்: வீட்டைக் கழுவும்போது காரையும் கழுவிவிடுவது. எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அது என்னுடையது, கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அவருடைய மனைவி லீலா அக்கா, ஈப்போவில் இருக்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அண்ணன் எழுந்திரிக்க மாட்டேங்கறாரு. காப்பி வேற ஆறிக்கிட்டு இருக்கு." நான் கோப்பெங்கிலுள்ள அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டும் ஆறியிருந்தன.

அவரும் நானும் ஒரே இடைநிலைப் பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் மலாய் மொழி, நான் வரலாறு. அவரிடம் படித்த நீங்கள் அவரை இலக்கணத்தோடு நினைவுகூரலாம். நான் அவரைத் திறந்த பானட்டுக்கு முன்னால் பல்துலக்கும் பிரஷ்ஷோடுதான் நினைக்கிறேன். அவருக்குக் காரைப் பழுதுபார்க்கத் தெரியாது. டயர் மாற்றவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். இஞ்சினைச் சுத்தமாக வைத்திருக்க மட்டும் தெரியும். அதையும் பயத்தினால் கற்றுக்கொண்டார்.

பயம் சிம்பாங் பூலாய் அருகே தொடங்கியது. லீலா அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், செவ்வாய், வியாழன், சனி என்று விடியுமுன்னே ஈப்போவுக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்த முதல் வருடம் அது. வழியில் கார் நின்றுவிட்டது. குழாயொன்று மாதக்கணக்கில் கசிந்திருக்கிறது. மேலே அப்பியிருந்த எண்ணெய் அழுக்கில் யாருக்கும் தெரியவில்லை. அன்றைய முறை தவறியது. மறுநாள் அக்காவின் நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடினார். பக்கத்தில் நின்ற சேகரண்ணன் என்னிடம் சொன்னார்: "ரிப்பேர் எனக்குத் தெரியாதுலா. ஆனா அழுக்கு இல்லன்னா ஒழுகறது கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சா போதும், பட்டறைக்காரன் இருக்கான்."

அதன்பின் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை நடக்கும். ஒருமுறை சந்தையிலிருந்து அவருடன் திரும்பியிருந்தேன். "ஆரம்பிக்கலாமே அண்ணே" என்றேன். பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. "இன்னும் சுடுது. சாபார்லா, கொஞ்சம் பொறு." பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாக மாறிய பிறகும் அவர் பேச்சில் ரப்பர் மரங்கள் நின்றன. "ஈர மரத்தச் சீவக்கூடாது, சூட்டு இஞ்சின்ல தண்ணி வைக்கக்கூடாது" என்பார்.

சூடு ஆறியதும் பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றுவார். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று போகும் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பைகளால் மூடி ரப்பர் வளையம் போடுவார். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் மருந்தை நீர்விட்டுத் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுப்பார். தண்ணீர் பீய்ச்சும் குழாயை வீட்டுப் பக்கமே விடமாட்டார். உலர்ந்தபின் பைகளைக் கழற்றி, பேட்டரியை மாட்டி, காரை முடுக்கி, ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிற்பார். அதைக் கேட்காமல் கை கழுவியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னா சார், இஞ்சினுக்கு மேக்கப்பா? எப்பக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்லலா. செவ்வாக்கிழம ஆஸ்பத்திரி."

உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது: "என் கிட்னியவிட அந்த இஞ்சின் ஃபில்டர் சுத்தமா இருக்கு! என்னையும் அந்த பிரஷ்ல ஒரு தேய் தேய்ச்சு விடுங்க!" அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பிரஷ் ஓடிக்கொண்டே இருந்தது.

கருமாதியன்று சனிக்கிழமை. அக்கா அன்றைய முறையை விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமையை நம்பியிருந்தார். இனி அவரை ஓட்டிப்போகும் பொறுப்பு, தாப்பாவிலிருந்து வந்து தங்கிவிட்ட அவருடைய தம்பி மாணிக்கத்தினுடையது. நல்ல மனிதர். மாலை வாங்க ஈப்போ போய் அப்போதுதான் திரும்பியிருந்தார். பானட்டிலிருந்து அனல் அடித்தது. யாரிடமோ இரவல் வாங்கிய பீய்ச்சும் இயந்திரத்துடன் அதைத் திறந்தார்.

"மாணிக்கம், இஞ்சின் சூடா இருக்கு. எதையும் மூடவும் இல்ல" என்றேன்.

"அத்தானோட பொணத்த ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போன காடி இது. தீட்டு சூடு பாத்தா ஒட்டும், சார்?"

"உள்ளெல்லாம் வயரு இருக்குய்யா."

"தீட்டு உள்ளதான் இருக்கும்" என்றார் ஒரு பெரியவர். "சாவு வீட்ல பாடம் எடுக்காதீங்க வாத்தியாரே."

நான் அக்காவைத் தேடினேன். அவர் உள்ளே, பெண்கள் சூழ, பதில் சொல்லும் நிலையில் இல்லை. தண்ணீர் பாய்ந்தது. ஆவி கிளம்பியதும் இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு குடம் மஞ்சள் நீர் ஃபியூஸ் பெட்டியின் மேல் ஊற்றப்பட்டது. காரை முடுக்கிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். காரியம் முடிந்து மூன்று நாள் வண்டி எடுப்பதில்லை என்று சொல்லி, பளபளத்த பானட்டை மூடினார்கள். சுத்தத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை.

செவ்வாய் விடியுமுன் மாணிக்கம் சாவியைத் திருப்பினார். பின்னிருக்கையில் அக்கா, மடியில் போர்வைப் பையுடன். திரும்பத் திரும்பத் திருப்பினார். தகவல் வந்து நான் ஈப்போவிலிருந்து போய் அக்காவை ஏற்றிக்கொண்டு மருத்துவமனை சேர்வதற்குள் அவருடைய படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

சேகரண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தப் பிரஷ்ஷும், ஒரு பிடி ரப்பர் வளையங்களும், எதையும் தொடுமுன் சூடு பார்க்கும் பழக்கமும்.

லீலா அக்காவுக்கு ஆறுதல் சொல்ல விரும்பும் முன்னாள் மாணவர்கள் கோப்பெங் வீட்டுக்குப் போகவேண்டாம். புதன்கிழமை இரவிலிருந்து அவர் ஈப்போவில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள்.